நீர்நிலைக்கு மார்க்கம் வகுத்த எல்லை



நம் மார்க்கச் சட்ட நூல்களில் எதை எடுத்துப் பிரித்தாலும் முதற்பாடம் தண்ணீரைப் பற்றியதாகவே இருக்கும். தொழுகைக்கு முன், நோன்புக்கு முன், ஜகாத்துக்கும் ஹஜ்ஜுக்கும் முன், தண்ணீர்! எந்தத் தண்ணீர் சுத்தம், எது அசுத்தம், தேங்கி நிற்பதற்கு என்ன சட்டம், ஓடுவதற்கு என்ன சட்டம் என்று இமாம்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். மதரஸாவில் ஓதிய பிள்ளை எதை மறந்தாலும் இந்தப் பாடத்தை மறப்பதில்லை. ஷாபிஈ மத்ஹபில் வளர்ந்தவருக்குக் 'குல்லத்தைன்' என்றால் உடனே விளங்கும். இரண்டு குல்லா அளவு, இக்காலக் கணக்கில் சுமார் 200 லிட்டர் தண்ணீர் இருக்குமானால், சிறிது அசுத்தம் விழுந்துவிட்டது என்பதனால் மாத்திரம் அது கெட்டுவிடாது. ஹனபி மத்ஹபைப் பின்பற்றும் நம் ராவுத்தர் வீட்டார் பத்துக்குப் பத்து முழத் தடாகம் என்று வேறு கணக்குச் சொல்வார்கள். அளவில்தான் இந்த வேற்றுமை. தண்ணீர் எவ்வளவு பெரிதாகக் கிடப்பினும், விழுந்த அசுத்தத்தால் அதன் நிறமோ, ருசியோ, வாடையோ மாறிப்போனால் அது ஒளுவுக்கு உதவாது என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

நிறம், ருசி, வாடை! இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் சிலாங்கூர் ஆற்றை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதி அந்த ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நான்கு நிலையங்கள் ஒரே சமயத்தில் மூடப்பட்டன. காரணம் யாதெனில், வாடை! ரவாங் பக்கத்தில் சுங்கை கோங் என்னும் சிற்றாற்றில் கலந்த தொழிற்சாலைக் கழிவின் வாடை ஆற்றோடு இறங்கி வந்து நீரெடுக்கும் இடத்தை எட்டிவிட்டது. சுமார் 12 லட்சம் கணக்குதாரர்களின் குழாய்கள் வறண்டன. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய பகுதிகள் குடிக்கும் நீரில் ஏறக்குறைய 60 விழுக்காடு இந்த ஓர் ஆற்றிலிருந்தே போகிறது என்பதை எண்ணினால், அந்த வாடையின் விலை விளங்கும். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு இஞ்சினீயர் செய்கிற சோதனையும், உள்ளங்கையில் நீரை அள்ளி மூக்கருகே கொண்டுபோய் நம் பாட்டனார் செய்த சோதனையும் கடைசியில் ஒன்றாகவே முடிந்தன. இந்த நீர் ஆகாது!

ஆனால் நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது, கெட்டுப்போன நீரை என்ன செய்வது என்பதல்ல. நீர் கெடாதிருக்க வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள நிலத்தை என்ன செய்ய வேண்டும் என்பதுதான். தண்ணீர்ப் பாடத்தை நன்றாக ஓதிய நம்மவர்களில் பலருக்கும் இந்த நிலப் பாடம் தெரிவதில்லை. அது பிக்ஹு நூல்களின் பின்பகுதியில், தரிசு நிலத்தைத் திருத்துவது பற்றிய பாடத்தில் ஒளிந்து கிடக்கிறது. பின்பகுதிக்கு வரும்முன் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுகிறார்கள்!

அந்தப் பாடத்தில் 'ஹரீம்' என்றொரு சொல் வரும். ஒருவர் பாலையில் கிணறு தோண்டுகிறார். கிணறு அவருடையது. கிணற்றைச் சுற்றியுள்ள நிலம் யாருடையது? அந்தக் கிணற்றைச் சுற்றி நாற்பது முழம் அதன் எல்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக ஓர் அறிவிப்பு இப்னு மாஜாவில் இருக்கிறது. தண்ணீர் குடிக்க வரும் கால்நடைகள் இளைப்பாற இடம் வேண்டுமல்லவா? அதற்காகவே அந்த எல்லை. இத்தனை முழமா, அத்தனை முழமா என்று இமாம்கள் பின்னால் விவாதித்ததுண்டு. ஆனால் எல்லை ஒன்று உண்டு என்பதை எந்த இமாமும் மறுக்கவில்லை. கிணற்றுக்கு மட்டுமன்றி ஊற்றுக்கும், வாய்க்காலுக்கும், ஆற்றுக்கும் ஹரீம் உண்டு என்று சட்டத்தை விரித்தார்கள். அந்த எல்லைக்குள் வேறொருவர் வந்து கிணறு வெட்டி முதற்கிணற்றின் ஊற்றை இழுத்துக்கொள்ளலாகாது. நீரைக் கெடுக்கும் குழியும் தோண்டலாகாது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஹரீம் என்பது நீர் அல்ல, நிலம். காய்ந்த நிலம். பார்க்கிறவன் கண்ணுக்குச் சும்மா கிடக்கும் நிலம். சும்மா கிடக்கிறதே, ஒரு வீடு கட்டினால் என்ன, நாலு செம்பனை நட்டால் என்ன என்று மனிதனுக்குத் தோன்றும். அப்படித் தோன்றும் என்று தெரிந்துதான் ஷரீஅத் அங்கே வேலி போட்டது.

நம் நாட்டுச் சட்டத்திலும் இதே எல்லை வேறு பெயரில் இருக்கிறது. ஆற்று ஒதுக்கு நிலம் என்று அதைச் சொல்வார்கள். நீர்ப்பாசன வடிகால் இலாகாவின் வழிகாட்டிப்படி, 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர் விட வேண்டும். ஆறு சிறுக்கச் சிறுக்க ஒதுக்கும் சிறுக்கும். 5 மீட்டருக்கும் குறுகிய ஓடையானாலும் கரைக்கு 5 மீட்டர் உண்டு. நாற்பது முழம் எங்கே, ஐம்பது மீட்டர் எங்கே என்று கேட்காதீர்கள். கருத்து ஒன்றே. நீருக்குப் பக்கத்து நிலம் நீருக்கே உரியது.

இந்த எல்லை எதற்காக என்பதைக் கோலசிலாங்கூரில் உள்ளவருக்கு நாம் விளக்க வேண்டியதே இல்லை. கம்போங் குவாந்தானுக்கு இரவில் படகேறிப் போனவர் எல்லாரும் மின்மினிகளைக் கண்டிருப்பார்கள். கரையிலுள்ள பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னி அணையும் காட்சியைக் காண உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் மரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். ஆனால் மின்மினியின் பிள்ளைப் பருவம் மரத்தில் இல்லை. முட்டையிலிருந்து வெளிவந்த புழு, கரையின் ஈரச் சேற்றில், நிப்பாவின் அடியிலும் உதிர்ந்த சருகின் அடியிலும் ஊர்ந்து, சிறு நத்தைகளைத் தின்று பல மாதங்கள் வளர்கிறது. மரத்தில் மின்னுவது அதன் கடைசிச் சில வாரங்கள் மாத்திரமே. ஆகவே, ஆற்றோரத்து மரத்தை விட்டுவைத்து, அதன் பின்னாலுள்ள சேற்று நிலத்தைச் சுத்தம் செய்து செம்பனையோ, இறால் குளமோ போட்டால், மரம் நிற்கும், விளக்கு அணைந்துவிடும். அல்லாஹு தஆலா அந்தச் சிறு பூச்சிக்குத் தொட்டிலாக வைத்தது எதையோ, அதைத்தான் நாம் 'சும்மா கிடக்கிற நிலம்' என்கிறோம்!

இனி மேலே போவோம், பத்தாங் பெர்ஜுந்தைக்கு. 2007இல் அதன் பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். நம் பெரியவர்கள் வாயில் இன்றும் பழைய பெயரே வருகிறது. அந்த வட்டாரத்தில் இரண்டு தொழில்கள் நிலத்தை உருவாக்கின. ஒன்று தோட்டம். இந்நாட்டில் செம்பனையை முதன்முதல் வியாபாரத்துக்காக நட்டது 1917இல், அங்கேயுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது, பார்த்தீர்களா! மற்றொன்று ஈயம். மிதக்கும் கப்பல் போன்ற பெரிய இயந்திரங்கள் பல்லாண்டு காலம் மண்ணை வாரி ஈயத்தைச் சலித்தெடுத்தன. ஈயம் போயிற்று, கம்பெனிகளும் போயின. ஆழ்ந்த குட்டைகள் நின்றன. சில குட்டைகள் குட்டையே அல்ல, ஏரி. மழை நீர் நிறைந்து, கரையில் புல்லும் கோரையும் முளைத்து, நாரைகள் வந்திறங்கி, காலப்போக்கில் அவை இயற்கையாகவே உண்டானவைபோல் ஆகிவிட்டன.

யாருக்கும் வேண்டாதவையாக இருந்த அந்தக் குட்டைகளின் அருமை 2014ஆம் ஆண்டில் தெரிந்தது. அவ்வாண்டின் முற்பகுதியில் மழை பொய்த்துச் சிலாங்கூர் அணையின் நீர் வெகுவாக இறங்கிவிட்டது. கோலாலம்பூர்வரை தண்ணீர்ப் பங்கீடு வந்தது. வாளியும் தோம்பும் தூக்கிக்கொண்டு லோரிக்காகக் காத்திருந்த நாட்களை இல்லத்தரசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது அதிகாரிகள் என்ன செய்தார்கள்? பெஸ்தாரி ஜெயாவின் பழைய ஈயக் குட்டைகளிலிருந்து நீரை இறைத்து ஆற்றில் விட்டார்கள். பின்னர் அதையே ஒரு நிரந்தரத் திட்டமாக்கினார்கள். மழைக்காலத்தில் ஆற்றின் மிகை நீரைக் குட்டைகளில் நிறுத்தி வைப்பதும், வறண்ட காலத்தில் ஆற்றுக்கே திருப்பி விடுவதும் 'ஹோராஸ்' எனப்படும் திட்டத்தின் சாரம். யூசுப் நபி (அலை) அவர்கள் செழிப்பான ஆண்டுகளின் தானியத்தைப் பஞ்ச ஆண்டுகளுக்காகச் சேமித்த வரலாறு நமக்குத் தெரியும். இது தண்ணீர்க் களஞ்சியம்.

அந்த 2014இல் ஒரு கேள்வியும் எழுந்தது. ஈயம் எடுத்த குட்டை நீரில் கன உலோகங்கள் இருக்குமே, அதைக் குடிக்கலாமா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதைக் கேட்டவர்களைப் பயங்காட்டுகிறவர்கள் என்று ஒதுக்குவது முறையாகாது. அந்தக் கேள்வியிலிருந்து நமக்குப் புலப்படும் விஷயம் வேறு. ஒரு குட்டை நாளை குடிநீராகலாம் என்று தெரிந்த பின்பும், அதன் கரையில் மணல் வாரிக் கலக்குவதும், குப்பையைக் கொட்டி நிரப்புவதும், கழிவுக் கானை அதில் திருப்பி விடுவதும் எப்படிப்பட்ட செயல்? நீர்த்துறையிலும், ஜனங்கள் நடக்கும் பாதையிலும், நிழல் தரும் இடத்திலும் மலஜலம் கழிப்பவன் சாபத்துக்கு ஆளாகிறான் என்று எச்சரிக்கும் ஹதீஸை நாம் கேட்டிருக்கிறோம். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதைத் தனியே தடுத்த ஹதீஸும் உண்டு. தனி மனிதன் ஒருவனுடைய அசுத்தத்துக்கே இந்தக் கண்டிப்பென்றால், ஓர் ஊரின் அசுத்தம் முழுவதையும் குழாய் வைத்துக் குளத்தில் விடுவதற்கு என்ன பெயர் வைப்பது?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வருவதை நம் வட்டாரத்தில் காணாதவர் இல்லை. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் தாமான்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஈஜோக் பக்கமும் புஞ்சாக் ஆலம் பக்கமும் போய் வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வழி புதிதாகத் தெரிகிறது. இதை நாம் குறை கூறவில்லை. லயத்தில் பிறந்தவருக்குச் சொந்த வீடு கிடைப்பது சந்தோஷமல்லவா? ஆனால் தோட்டத்துக்குள்ளே ஓடைகள் இருந்தன, பள்ளங்கள் இருந்தன, மழைநீர் போய் ஒதுங்கும் சதுப்பு இருந்தது. மரத்தின் வேரும் சருகும் பாதி மழையைக் குடித்தன. அவ்விடத்தில் கூரையும் தாரும் சிமிந்தியும் வந்தபின், அதே மழை பெய்தால் அந்த நீர் எங்கே போகும்? கீழே இருப்பவர் வீட்டுக்குள் போகும். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வந்த வெள்ளத்தில் வீட்டுக் கூரைமேல் ஏறி உயிர் தப்பியவர்கள் நம் சொந்தக்காரர்களிலும் உண்டு.

இந்த இடத்தில் மதீனாவில் நடந்த ஒரு வழக்கை நினைவூட்டுகிறோம். மஹ்ஸூர் என்னும் ஓடையில் மழைக்காலத்தில் நீர் வரும். மேட்டுத் தோட்டக்காரர்களும் பள்ளத்துத் தோட்டக்காரர்களும் அதற்காகத் தர்க்கம் செய்தார்கள். மேலே இருப்பவர் கணுக்கால் அளவு நீர் நிற்கும்வரை நிறுத்திக்கொண்டு, பிறகு கீழே இருப்பவருக்கு விட்டுவிட வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்புச் செய்தார்கள். எவ்வளவு அழகான தீர்ப்பு! நிறுத்து, பின் விடு. முழுவதையும் நீயே வைத்துக்கொள்ளாதே. அந்தக் காலத்தில் பயம் பஞ்சத்தைப் பற்றியது. இக்காலத்தில் நமக்கு வெள்ளத்தைப் பற்றியும் பயம் இருப்பதனால், தீர்ப்பின் முதற்பாதி இன்னும் முக்கியமாகிறது. முழுவதையும் ஒரேயடியாகக் கீழே இருப்பவன் தலையில் தள்ளாதே!

2001 முதல் நம் நாட்டில் மழைநீர் வடிகால் பற்றிய அரசாங்கக் கையேடு ஒன்று நடைமுறையில் இருக்கிறது. 'மஸ்மா' என்பார்கள். அதன் அடிப்படை விதியும் இதுவே. ஒரு நிலத்தில் வீடுகள் எழும்புமுன் அங்கிருந்து மழைநீர் எவ்வளவு வேகத்தில் வெளியேறியதோ, வீடுகள் எழும்பியபின் அதற்கு மேல் வெளியேறலாகாது. மிகுதியை அந்த நிலத்திலேயே குளம் வெட்டி நிறுத்திக்கொண்டு மெல்ல விட வேண்டும். புதிய தாமான்களில் வேலி போட்ட ஒரு பள்ளத்தைப் பார்த்திருப்பீர்கள். அது அதற்காகத்தான். பல இடங்களில் அதைச் சிமிந்தித் தொட்டியாகக் கட்டிவிடுகிறார்கள். கொசுவும் நெகிழிப் பையும் சேர்கின்றன. 'நாறுகிறது, மூடிவிடுங்கள்' என்று குடியிருப்போரே மனுக் கொடுக்கிறார்கள். மூடிய இடத்தில் கார்கள் நிற்கின்றன. அடுத்த பெருமழையில் கார்கள் மிதக்கின்றன.

அதே குளத்தை வேறு விதமாகவும் செய்யலாம். புத்ராஜெயாவைப் போய்ப் பார்த்தவர்கள் அங்கே ஏரியைக் கண்டிருப்பார்கள். அந்த நகரம் எழுந்த இடம் முன்பு பிராங் பெசார் தோட்டம். நம் இனத்துத் தொழிலாளர்கள் வாழ்ந்து, பின் வெளியேறிய மண் அது என்பதையும் மறவாமல் சொல்கிறோம். அங்கே ஏரிக்கு வரும் நீரை நேரே விடவில்லை. மேற்புறத்தில் 24 சதுப்புப் பாத்திகளை அமைத்து, கோரையும் நாணலும் வளர்த்து, நீர் ஒவ்வொன்றாய்த் தங்கித் தங்கி, வண்டலை இறக்கிவிட்டு வரும்படி செய்தார்கள். கரையைச் செங்குத்துச் சுவராக்காமல் சரிவாக விட்டால் செடிகள் வேரூன்றும், மீன் குஞ்சு பொரிக்கும், அந்த மீன் கொசுவின் புழுவைத் தின்னும். நம் ஊர்ப் பள்ளிவாசல் ஹவுளில் மீன் விட்டிருந்தார்களே, அது அழகுக்காக என்றா நினைத்தீர்கள்? தலைநகருக்குச் செய்த இந்த வேலையை ஒரு தாமான் அளவுக்குச் சுருக்கிச் செய்யக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. தொடக்கத்திலேயே நிலத்தை ஒதுக்கினால் போதும். பின்னால் ஒதுக்குவதென்றால், யாருடைய வீட்டையாவது இடிக்க நேரும்.

நிலத்தை ஒதுக்காத ஊருக்கு என்ன நேரும் என்பதற்கு நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. நம்மில் அநேகருக்கு உறவினர் இருக்கும் சென்னப்பட்டணமே போதும். அங்கே மாம்பலத்தில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. 1920களில் அதை வற்றவைத்துத் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு தெரு இன்றும் இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை, ரோடு மாத்திரம் இருக்கிறது! நுங்கம்பாக்கத்து ஏரியும் அப்படியே போய்த் தெருப்பெயராக நின்றது. பள்ளிக்கரணைச் சதுப்பு பத்தில் ஒரு பங்காய்ச் சுருங்கிய பின்னரே மீந்ததைக் காக்கும் முயற்சி வலுத்து, 2022இல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இதற்கிடையே 2015 டிசம்பரில் அந்த நகரம் மூழ்கியது. பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து, எந்த மதத்தார் என்று கேளாமல் அடைக்கலமும் உணவும் கொடுத்தன. அல்ஹம்துலில்லாஹ்! அதே நகரத்தில், நான்கே ஆண்டு கழித்து 2019 கோடையில், குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டன. ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வெள்ளமும் வறட்சியும் ஒரே காரணத்தின் இரண்டு பிள்ளைகள். நீர் தங்க இடமில்லாத ஊரில் மழை பெய்தால் வெள்ளம், பெய்யாவிட்டால் தாகம்.

சென்னையிலிருந்து இன்னொரு விஷயத்தையும் நாம் சொல்லியாக வேண்டும். ஆற்றங்கரையைக் காப்பாற்றுகிறோம் என்று அங்கே குடிசைகளில் வாழ்ந்த ஏழைகளை அப்புறப்படுத்தினார்கள். எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும். அவையோ பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம். மழை வந்தால் அங்கும் வெள்ளம்! ஓர் ஆற்றின் ஹரீமைக் காக்க ஏழையை எழுப்பி, ஒரு சதுப்பின் ஹரீமில் உட்கார வைத்தார்கள். அதே சதுப்பில் எழுந்த பெரிய பெரிய கட்டிடங்களை எழுப்பியவர்களுக்கோ எந்தத் தொந்தரவும் இல்லை. இது நீதியாகாது. நீரின் எல்லையைப் பற்றிப் பேசுகிறவர், முதலில் ஏக்கர் கணக்கில் எடுத்துக்கொண்டவனிடம் பேசட்டும். குடிசைக்காரனிடம் கடைசியில் பேசலாம். பேசுமுன் மேட்டு நிலத்தில் அவனுக்கு வீட்டைக் கட்டி வைத்துவிட்டுப் பேசலாம். தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டு வீட்டுக்காக வருஷக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் நம் ஜமாஅத்துகளிலேயே இருக்கிறபடியால், இதை அழுத்திச் சொல்கிறோம்.

நல்லதும் நடந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புக்கிட் மலாவத்தியின் அடிவாரத்தில், ஊரிலிருந்து நடந்து போகும் தூரத்தில், உவர்நீர்க் குளமும் கடற்கரைக் காடும் சேர்ந்த தாமான் ஆலம் 1987 முதல் இருக்கிறது. மலாயா இயற்கைக் கழகத்தாரும் மாநில அரசாங்கமும் சேர்ந்து செய்த காரியம் அது. வடக்கே ராஜா மூசாக் காட்டில், மரம் இழுப்பதற்காக முன்பு வெட்டிய கால்வாய்கள் சதுப்பின் நீரை வடித்துவிட்டதனால் கரிமண் காய்ந்து தீப்பிடித்துக்கொண்டிருந்தது. புகையை நாமும் சுவாசித்தோம். 2008 முதல் அக்கால்வாய்களை அடைத்து, நீரை நிறுத்தி, கன்று நட்டு வருகிறார்கள். தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்களுக்கு அந்தக் காட்டுச் சதுப்பும் ஒரு நீர் வங்கி. காடு காய்ந்தால் நம் சோற்றுப் பானை காயும்.

சரி, இதில் நம்மைப் போன்ற சாதாரண ஜனங்களுக்கு என்ன வேலை, இது சர்க்கார் காரியமல்லவா என்று சிலர் கேட்கலாம். ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்று ஸஅது (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டதை நாம் ஒவ்வொரு மிம்பரிலும் கேட்கிறோம். கேட்டுவிட்டுக் குழாயைச் சிறிது திருகி மூடுகிறோம். நல்லதே. ஆனால் குழாயில் சேமித்த ஒரு குவளையை எண்ணி மகிழ்ந்துகொண்டிருக்கையில், பின்னாலே ஒரு குளம் முழுதும் தூர்ந்துபோனால் என்ன பிரயோஜனம்? ரூமாக் கிணற்றுக்காரர் தண்ணீரை விலைக்கு விற்றபோது உதுமான் (ரலி) அவர்கள் தம் வீட்டுக் குவளையைச் சிக்கனமாக்கிக்கொண்டு இருந்துவிடவில்லை. கிணற்றையே வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். நம்மால் குளத்தை விலைக்கு வாங்க முடியாது. ஆனால் வாய் திறக்க முடியும். அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது.

1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டம் என்று ஒன்று உண்டு. 172ஆம் சட்டம் என்றும் சொல்வார்கள். அதன்படி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உள்ளூர்த் திட்டம் வகுக்கப்படுகிறது. எந்த நிலம் வீட்டுக்கு, எது தொழிற்சாலைக்கு, எது திறந்தவெளிக்கு, எது நீர்நிலைக்கு என்று வரைபடத்தில் வர்ணம் தீட்டிக் காட்டுவார்கள். திட்டம் முடிவாகுமுன் அதன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, நான்கு வாரத்துக்குக் குறையாத தவணை கொடுத்து, ஆட்சேபம் கேட்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். நிலச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. பத்திரிகையில் விளம்பரம் வரும், கண்காட்சி வைப்பார்கள். நம்மவர் யாரும் போவதில்லை! நிலம் வாங்கி விற்கிறவர்கள் தவறாமல் போகிறார்கள். நம் பக்கத்துக் குளம் வரைபடத்தில் நீலமாக இருக்கிறதா, அல்லது வீட்டு மனையின் வர்ணத்துக்கு மாறிவிட்டதா என்பதை அந்த நான்கு வாரத்தில் பார்த்தால் ஒரு கடிதத்தோடு காரியம் முடியலாம். மண் லோரி வந்து நின்றபின் பார்த்தால் வழக்கு மன்றம் போக வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு பள்ளிவாசல் ஜமாஅத்தும், சூராவ் நிர்வாகமும் ஒரு சிறு காரியம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். தம் முகல்லாவுக்குள் இருக்கும் குளம், குட்டை, ஓடை எத்தனை என்று முதியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். தோட்டத்து மண்டோராக இருந்தவர்களுக்கு எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் நீர் நின்றது என்பது மனப்பாடம். அவர்கள் மௌத்தாகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலோடு இருவர் கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகத்துக்குப் போய், நடப்பிலிருக்கும் உள்ளூர்த் திட்டத்தின் வரைபடத்தில் அவை ஒவ்வொன்றும் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்து வரட்டும். பட்டியலில் இருந்து வரைபடத்தில் இல்லாத குளம் ஏதேனும் இருந்தால், ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தாரிடம் வாசித்துக் காட்டுங்கள். நம் குளம் என்றால் பக்கத்துக் கோயிலாருக்கும் அது குளம்தான், மலாய்க் கம்பத்தாருக்கும், சீனக் கடைக்காரருக்கும் குளம்தான். அவர்களையும் கூப்பிட்டுக் கையெழுத்துக் கேளுங்கள். புதிய வரைவு வெளியாகும்போது ஆட்சேபப் படிவம் மலாய் மொழியில் இருக்கும். ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளையே அதை நிரப்பித் தந்துவிடும். பெரியவர்கள் கையொப்பமிட்டு, ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, தவணை முடியுமுன் கவுண்டரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வாருங்கள்.